ஒரு சதை களைத்தால் பக்கத்துச் சதை என்ன செய்யும்?

அஸ்தம்பட்டி வாசகர்: அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு சைக்கிளில் ஏறுகிறேன். 12வது கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் தொடையைவிட இடுப்பு அதிகமாக வலிக்கிறது. ஏன்?

மிதிப்பதில் பெரும்பாடு முன்தொடைக்கும் புட்டத்துக்கும்தான். அவை களைத்தாலும் நீங்கள் மிதிப்பதை நிறுத்துவதில்லை. அந்த வேலை மெல்ல மற்ற சதைகளின் தலையில் விழுகிறது. கைப்பிடியை இழுக்கிறீர்கள், உடம்பு ஆடுகிறது, அந்த ஆட்டத்தைத் தாங்குவது கீழ்முதுகு. பின்னால் வரும் நண்பரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். சீட்டில் இடுப்பு இரண்டு பக்கமும் ஆட ஆரம்பிக்கும் வளைவு எது என்று பாருங்கள். முதல் வளைவிலிருந்தே ஆடினால் சீட் உயரம் அதிகம். 10ல் ஆரம்பித்தால் சோர்வு. அப்போது 6, 7லேயே லேசான கியருக்கு மாறிவிடுங்கள். மொத்தம் 20 வளைவு இருக்கிறதே, முதல் பாதியில் வேகம் காட்ட வேண்டாம்.

அம்மாப்பேட்டை வாசகர்: முதலில் பெக் டெக் (உட்கார்ந்தபடி இரு கைகளையும் மார்புக்கு முன்னால் சேர்க்கும் மெஷின்), உடனே பென்ச் பிரஸ் (மல்லாந்து படுத்து எடையை மேலே தள்ளுவது) செய்தால் மார்பு நன்றாக வேலை செய்யும் என்கிறார் டிரெய்னர். சரியா?

எனக்கு உடன்பாடில்லை. மார்பு களைத்துப்போய் வந்தால் பென்ச் பிரஸ்ஸில் கூடுதலாக உழைப்பது ட்ரைசெப்ஸ், அதாவது மேல்கையின் பின்பக்கச் சதைதான். தூக்கும் எடையும் குறையும். பலம் வேண்டுமென்றால் பென்ச் பிரஸ் முதலில்.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்: கொலுசுப் பட்டறையில் நாள் முழுக்கக் குனிந்தே வேலை. சாயங்காலம் தண்டால் எடுத்தால் கழுத்து கல்லாக இறுகுகிறது.

உங்களைப் போன்றவர்களுக்கு நான் முதலில் சொல்வது, கண்ணாடி முன் நின்று சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுங்கள். ஏழெட்டு எண்ணுவதற்குள் தோள் காதை நோக்கி ஏறுகிறதா? தோள்பட்டை எலும்பை விலாவோடு பிடித்து வைக்கும் சதை களைத்துவிட்டது, கழுத்தோரச் சதை அதன் வேலையை எடுத்துக்கொள்கிறது என்று அர்த்தம். அது ஏற்கெனவே பகல் முழுக்கத் தலையைத் தாங்கியிருக்கிறது, பாவம். தோள் ஏறிய அந்த எண்ணிக்கையிலேயே நிறுத்துங்கள். இரண்டு நிமிடம் ஓய்வு, பிறகு மறுபடி. தோள் ஏறாமல் 15 வரை எடுக்க முடிந்தால் மேசைக்கு மாறலாம், அப்புறம் தரை. கை மரத்துப்போனால் மட்டும் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

ஏற்காடு வாசகர்: மலையிறங்கி நடக்கும்போது கடைசியில் முழங்கால் உள்பக்கமாகச் சாய்கிறது.

இடுப்பின் வெளிப்பக்கச் சதை களைத்தால் பெரும்பாலும் அப்படித்தான் சாயும். பக்கவாட்டில் படுத்து மேல்காலைத் தூக்கி இறக்கும் பயிற்சியை வாரம் மூன்று நாள் செய்யுங்கள். இறங்கும்போது அடியைச் சின்னதாக வையுங்கள்.