தடுப்பூசி எப்படி வேலை செய்கிறது? பழைய போர்முறையை வைத்து விளக்க முடியுமா?

தடுப்பூசி என்பது கிருமியின் பலவீனமான உருவையோ துண்டையோ உடலுக்கு முன்கூட்டியே காட்டுவது. புதிய கிருமிக்கு எதிர்ப்புப் புரதம் தயாரிக்க உடலுக்கு ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும்; அதற்குள் நோய் முந்திக்கொள்ளும்.

சங்ககாலத் துறைமுகமான அழகன்குளத்தைக் காக்கும் வீரர்களை நினைத்துக்கொள்ளுங்கள். வைகை முகத்துவாரத்தில் எத்தனையோ கலங்கள் வரும். பகைவனின் கொடியை ஒற்றர் முன்னமே கொண்டுவந்து காட்டியிருந்தால், அவன் கலத்தைக் கரையிலேயே மடக்கிவிடலாம். காயத்தின் வழியே வரும் ரணஜன்னி (டெட்டனஸ்) நோய்க்கான ஊசியில் வருவது கொடிகூட அல்ல, மழுங்கடித்த ஆயுதம்: அந்தக் கிருமி சுரக்கும் நஞ்சை முடக்கித் தயாரித்தது.

ஊசியால் உடல் பெறும் இந்தப் பயிற்சி நாளடைவில் மங்கும். அதனால்தான் ரணஜன்னி ஊசியைக் குழந்தைக்கு 6, 10, 14 வார வயதில் போட்ட பிறகும் ஒன்றரை வயதை ஒட்டியும், 5, 10, 16 வயதிலும் மறுபடி போடுகிறார்கள். தவணையைத் தவறவிடாதீர்கள்.

மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ரணஜன்னி மருந்து உறைந்தால் வீண். பாம்பன், மண்டபம் வெயிலுக்குப் பயந்து குப்பியை உறைந்த ஐஸ் கட்டியோடு ஒட்டி வைத்தால் கெடுவது இப்படித்தான்.

தூண்டில் முள் ஏறியதும் ஒரு ரணஜன்னி ஊசி போட்டால் உடனே பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். முன்பு எந்தத் தவணையும் போடாதவருக்கு அது போதாது, அழுக்கான காயமென்றால் ஆயத்த எதிர்ப்புப் புரத ஊசியும் சேர்த்துப் போட வேண்டும்.