சால்ட் லேக் சிட்டில வயசான அப்பா அம்மாவ எங்கெல்லாம் கூட்டிட்டு போகலாம்?

கேள்வி கேட்டவங்க இப்பதான் வேலை மாறி அமெரிக்கால யூட்டா ஸ்டேட்ல இருக்குற சால்ட் லேக் சிட்டிக்கு வந்திருக்காங்க, ஜூலைல ஊர்ல இருந்து அப்பா அம்மா வராங்க, ரெண்டு பேருக்கும் 60 தாண்டியாச்சு, யெல்லோஸ்டோன், வேகாஸ் எல்லாம் தனியா பிளான் இருக்கு, மத்த நாள்ல பக்கத்துலயே என்ன காட்டலாம்னு கேட்டிருக்காங்க. நான் இங்க பக்கத்துல சாண்டிங்கற ஊர்ல ஆறு வருஷமா இருக்கேன், சொந்த ஊர் தூத்துக்குடி, எங்க அப்பா அம்மா ரெண்டு தடவை வந்து தங்கிட்டு போய்ட்டாங்க. முதல் தடவை நான் பண்ணின கூத்துல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

அவங்க வந்து இறங்கி மூணாவது நாள், ஜெட் லேக் கூட போகல, நான் பெருமையா ஸ்னோபேர்டுங்கற மலை ஸ்கி ரிசார்ட்டுக்கு கூட்டிட்டு போய் டிராம்ல, அதாவது கம்பில தொங்கிட்டு போற ரோப் கார்ல, ஏத்தி விட்டேன். பழனி விஞ்ச் மாதிரின்னு நினைக்காதீங்க, ஒரு பெரிய ரூம் அளவு பெட்டி, பத்து நிமிஷத்துக்குள்ள ஏறக்குறைய 2,900 அடி மேல தூக்கிட்டு போய் 11,000 அடில ஹிடன் பீக் உச்சில இறக்கி விட்டுரும். ஜூலைல கூட நிழல் பக்கம் பனி கிடந்துச்சு, அம்மா பனிய உருட்டி அப்பா மேல எறிஞ்சாங்க, போட்டோ எல்லாம் எடுத்தோம், பத்து நிமிஷம் கழிச்சு பாத்தா அப்பா ஒரு பெஞ்ச்ல தலைய பிடிச்சுட்டு உக்காந்திருக்கார், பேச்சே இல்ல. பிபி மாத்திரை சாப்பிடுற மனுஷன், கடல் மட்டத்துல 66 வருஷம் வாழ்ந்தவர், மூணே நாள்ல 11,000 அடிக்கு கொண்டு போனா என்ன ஆகும்? அடுத்த டிராம்லயே இறங்கி வந்தோம், கீழ வந்ததும் சரியாயிடுச்சு, ஆனா அன்னைக்கு எங்க அம்மா கிட்ட வாங்கின திட்டு இன்னும் காதுல கேக்குது.

அதனால இந்த ஊர்ல எங்க போகணும்னு முடிவு பண்ணும்போது எத்தனை மைல்னு பாக்காதீங்க, எத்தனை அடி உயரம்னு பாருங்க. சிட்டியே கிட்டத்தட்ட 4,200 அடில இருக்கு, குக்கர்ல பருப்பு வேக ரெண்டு விசில் கூட வைக்க வேண்டியிருக்கும், அம்மா வந்த முதல் நாளே கண்டுபிடிச்சுடுவாங்க. கிழக்க வாசாட்ச் மலை, மேற்க ஓக்கர் மலை, நடுவுல தட்டு மாதிரி ஊர், வடமேற்குல பெரிய உப்பு ஏரி. அரை மணி நேரம் கார் ஓட்டினா 4,500 அடி ஏறிடலாம், இந்த ஊரோட சுகமே அதுதான், அதே சமயம் வயசானவங்களுக்கு ஆபத்தும் அதுதான். முதல் வாரம் கீழயே சுத்துங்க, ரெண்டாவது வாரம் 8,000, 9,000 அடி, அதுக்கப்புறம் டாக்டர் ஓகேன்னா டிராம். தண்ணி குடிக்க சொல்லிட்டே இருங்க, காத்து அவ்ளோ ட்ரை, எங்க அம்மாக்கு ரெண்டு தடவை மூக்குல ரத்தம் வந்துச்சு, பயப்பட ஒண்ணும் இல்ல.

கீழ என்ன இருக்குன்னா, சத்தியமா சொல்றேன், டவுன்டவுன் ஒரு நாள் போதும். டெம்பிள் ஸ்கொயர் எல்லாரும் சொல்லுவாங்க, அங்க இருக்குற மார்மன் (ஒரு கிறிஸ்தவ பிரிவு) கோயில் 1853ல ஆரம்பிச்சு 1893ல கட்டி முடிச்சது, 40 வருஷம், 2019 கடைசில புனரமைப்புக்காக மூடினாங்க, நாங்க போனப்ப சாரம் கட்டி கிரேன் நின்னுட்டு இருந்துச்சு. எங்க அப்பா ரிட்டயர்ட் கணக்கு வாத்தியார், அவருக்கு கோயிலவிட தெரு நம்பர்தான் பிடிச்சுது. இங்க அட்ரஸ் எல்லாமே அந்த கோயில் மூலைல இருந்து எத்தனை பிளாக் தெற்கு, எத்தனை பிளாக் கிழக்குன்னு போகும், 9400 சவுத், 700 ஈஸ்ட்னு சொன்னா ஊர்ல எங்க இருக்கோம்னு மனசுலயே கணக்கு போட்டுடலாம். "கிராஃப் பேப்பர்ல ஊர் கட்டியிருக்கான்டா"ன்னு மூணு நாள் எல்லார் கிட்டயும் போன்ல சொல்லிட்டு இருந்தார்.

அந்த கிராஃப் பேப்பர மொத்தமா மேல இருந்து பாக்க என்சைன் பீக் போங்க. ஸ்டேட் கேப்பிடல், அதாவது சட்டசபை கட்டடத்துக்கு பின்னாடி, அரை மைல் ஏத்தம், 400 அடிக்குள்ளதான், ஆனா ஒரு மரம் கிடையாது. ஜூலைல சூரியன் மறைய ராத்திரி 9 மணி ஆகும், 8 மணிக்கு ஏற ஆரம்பிங்க. மேல நின்னு சுத்தி இருக்குற மலைய பாத்தீங்கன்னா ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி படுக்கையா ஒரு வரி தெரியும், பனியுகத்துல இங்க போன்னவில்னு ஒரு மாபெரும் ஏரி இருந்துச்சு, அதோட கரை அது. இப்ப இருக்குற ஏரிக்கு கிட்டத்தட்ட 1,000 அடி மேல. அதாவது உங்க வீடு, ஆபீஸ், காஸ்ட்கோ எல்லாமே அந்த ஏரியோட தரைல இருக்கு. அது வத்தி மிச்சம் நிக்கிறதுதான் இந்த உப்பு ஏரி.

ஏரி விஷயத்துல நிறைய பேர் "நாத்தம், போகாதீங்க"ன்னு சொல்லுவாங்க. நாத்தம்தான், அழுகின முட்டை வாசனை, ஒத்துக்கிறேன். ஆனா நான் ஆன்டிலோப் ஐலண்டுக்கு போகாம ஊருக்கு அனுப்பவே மாட்டேன். சிரக்கியூஸ்ங்கற ஊர்ல இருந்து ஏரி நடுவுல 7 மைல் ரோடு போகும், ரெண்டு பக்கமும் தண்ணியோ சேறோ, அது அந்த வருஷத்து பனிய பொறுத்தது, 2022 நவம்பர்ல ஏரி ரெக்கார்ட்லயே இல்லாத அளவுக்கு கீழ இறங்கிடுச்சு. தீவுல காட்டெருமை கூட்டம் இருக்கு, பைசன், 1893ல 12 மாட்ட படகுல கொண்டு வந்து விட்டாங்களாம், இப்ப நூத்துக்கணக்குல நிக்குது. எங்க கார் முன்னாடி ஒண்ணு நடு ரோட்ல நின்னுடுச்சு, ஒரு லாரி அளவு தலை, மூக்குல இருந்து புஸ்ஸு புஸ்ஸுனு மூச்சு, அம்மா கார் கண்ணாடிய ஏத்தி விட்டுட்டு உள்ள இருந்தே "போ சாமி, போ"ன்னு கும்பிட்டாங்க. தயவு செஞ்சு இறங்கி செல்ஃபி எடுக்காதீங்க, பாக்கதான் சோம்பேறி மாதிரி இருக்கும், ஓடுச்சுன்னா நாம ஓடி தப்பிக்க முடியாது.

பிரிட்ஜர் பேனு ஒரு பீச் இருக்கு, பார்க்கிங்ல இருந்து தண்ணிய தொடவே ரொம்ப தூரம் நடக்கணும், ஏரி அவ்ளோ பின்னாடி போயிருக்கு. தண்ணி ஓரத்துல கருப்பா ஒரு பட்டை தெரியும், பாசின்னு நினைச்சு கால் வச்சீங்கன்னா அப்படியே எழும்பும், எல்லாம் ஈ. கோடிக்கணக்குல. கடிக்காது, நாம நடக்க நடக்க ரெண்டா பிரிஞ்சு வழி விடும். ஆனா மே மாசம் போனா வேற ஒரு குட்டி கொசு மாதிரி பூச்சி இருக்கு, அது கடிச்சு எடுத்துடும், ஜூலைல அந்த தொல்லை இல்ல. எங்க அம்மா பிறந்த வீடு அளத்துக்காரங்க, உப்ப பாத்தா சும்மா இருப்பாங்களா, கரைல காஞ்சு கிடந்தத நுனி விரல்ல தொட்டு நாக்குல வச்சாங்க, உடனே முகம் கோணிடுச்சு. "ஏல, இது கசக்குதுல, பாத்தில உப்பு வாரின பிறகு நிக்கிற தண்ணி மாதிரி இருக்கு"ன்னாங்க. அது சரிதான், இந்த ஏரில மக்னீசியம் ஜாஸ்தி, அத எடுக்கவே தனியா தொழிற்சாலை நடந்துச்சு. ஒரு டெஸ்ட்டும் பண்ணாம நாக்கால சொல்லிட்டாங்களேன்னு எனக்கு அப்படியே ஆயிடுச்சு. அப்புறம் தண்ணிய கைல அள்ளி பாத்தா நகக்கண் அளவுல இறால் மாதிரி ஒண்ணு நீந்தும், ஆர்ட்டீமியா, இதோட முட்டைய அள்ளிதான் உலகம் முழுக்க இறால் குஞ்சுங்களுக்கு தீவனமா அனுப்புறாங்க. தூத்துக்குடி அளத்துலயும் இதோட சொந்தக்காரன் ஒருத்தன் உண்டு. அமெரிக்கால ஒரு மூலைல போய் எங்க அம்மாக்கு ஊர் ஞாபகம் வந்த ஒரே இடம் அந்த நாத்தம் பிடிச்ச பீச்தான். குளிச்சா மிதக்கலாம், ஷவர் இருக்கு, புண் இருந்தா இறங்காதீங்க, எரியும். காலைல சீக்கிரம் போய்ட்டு 11 மணிக்குள்ள கிளம்பிடுங்க, நிழலே கிடையாது.

இனி மலை. ரெண்டு மலைப் பள்ளத்தாக்கு ரோடு பக்கத்து பக்கத்துல இருக்கு, பிக் காட்டன்வுட், லிட்டில் காட்டன்வுட். லிட்டில் காட்டன்வுட் பனியாறு தேய்ச்சு போன பள்ளம், அடி அகலமா தொட்டி மாதிரி இருக்கும், பிக் காட்டன்வுட் கீழ் பாதி ஓடை அறுத்தது, குறுகலா வளைஞ்சு வளைஞ்சு போகும். முன்ன சொன்ன மார்மன் கோயிலுக்கு கல் வெட்டி மாட்டு வண்டில கொண்டு போனது லிட்டில் காட்டன்வுட் வாய்ல இருந்துதான், அங்க சின்னதா சிமெண்ட் நடைபாதை போட்டு வச்சிருக்காங்க, உளி அடிச்ச தடம் கல்லுல வரிசையா இன்னும் இருக்கு. அப்பாக்கு முட்டி வலின்னா கூட நடந்துடலாம், கூட்டமும் இருக்காது.

பெரியவங்களுக்கு நான் நம்பர் ஒன் சொல்றது பிக் காட்டன்வுட் உச்சில பிரைட்டன் பக்கம் இருக்குற சில்வர் லேக். 8,700 அடி, ஏரிய சுத்தி மரப்பலகை பாதை, ஒரு மைல் கூட வராது, ஏத்தம் இறக்கம் இல்ல, வீல் சேர் கூட போகும். ஊர்ல 38 டிகிரி கொளுத்துறப்ப இங்க சால்வை தேடுவீங்க. காலைல 7 மணிக்கு போனோம், தண்ணிக்குள்ள முழங்கால் அளவுல மூஸ் (பெரிய மான் ஜாதி) ஒண்ணு தலைய உள்ள விட்டு செடிய பிடுங்கி தின்னுட்டு இருந்துச்சு, தலைய தூக்கினப்ப கொம்புல இருந்து தண்ணியும் பாசியும் வழிஞ்சுது. அம்மா ரொம்ப நேரம் பாத்துட்டு "எருமைக்கு கழுத மூஞ்சிய ஒட்ட வச்சிருக்கான்"ன்னாங்க, இதவிட கரெக்ட்டா மூஸ விவரிக்க முடியாது. ஒரு விஷயம், இந்த ரெண்டு பள்ளத்தாக்குலயும் ஓடுறது சிட்டிக்கு குடிதண்ணி, அதனால ஏரில இறங்க கூடாது, கால் கூட நனைக்காதீங்க, நாய் கார்ல வச்சு கூட மேல கொண்டு போக கூடாது. அம்மா அப்பா கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, எங்க அப்பா பேன்ட்ட மடிச்சு விட்டு ரெடி ஆயிட்டார்.

ஜூலை கடைசி வாரம் அவங்க இருந்தா லிட்டில் காட்டன்வுட் உச்சில ஆல்டா மேல ஆல்பியன் பேசின், பூ பாக்கவே போகணும், லூபின் ஊதா, பெயின்ட்பிரஷ் சிவப்பு, மஞ்சள்ல சூரியகாந்தி மாதிரி ஒண்ணு, மேடு முழுக்க. அங்கருந்து சீக்ரெட் லேக் போய் வர 2 மைலுக்குள்ள, ஆனா கிட்டத்தட்ட 9,800 அடி, மூச்சு வாங்கும், நல்லா பழகின பிறகு மட்டும். சனி ஞாயிறு கார் வரிசை கட்டும், வார நாள் லீவ் போடுங்க. மதியத்துக்கு மேல இடி மின்னல் வரும், அதனால மலைன்னா காலைல, ஊர்ன்னா சாயங்காலம்.

பார்க் சிட்டி அரை நாள் போதும், பழைய வெள்ளி சுரங்க ஊர், மெயின் ஸ்ட்ரீட் அழகுதான், விலைய பாத்தா அம்மா ரூபாய்ல மாத்தி மயக்கம் போட்டுருவாங்க, பஸ் மட்டும் ஃப்ரீ. பக்கத்துல 2002 குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்த பார்க் இருக்கு, 2034ல மறுபடி இந்த ஊருக்கே குடுத்திருக்காங்க, கோடைல பசங்க ஸ்கி மாட்டிட்டு அந்தரத்துல குட்டிக்கரணம் அடிச்சு நேரா நீச்சல் குளத்துல விழுந்து பழகுவாங்க, அத பாக்க எங்க அப்பா ரெண்டு மணி நேரம் நகரல.

கோயில் கட்டாயம் கேப்பாங்க. சவுத் ஜோர்டன்ல கணேஷா கோயில் இருக்கு, ஸ்பானிஷ் ஃபோர்க்ல கிருஷ்ணர் கோயில், குன்று மேல வடநாட்டு அரண்மனை மாதிரி தெரியும், வளாகத்துல மயில் இருக்கு, கூடவே லாமாவும் (தென் அமெரிக்க ஒட்டக ஜாதி) வளக்கிறாங்க, கிருஷ்ணர் பக்கத்துல லாமாவ நான் வேற எங்கயும் பாத்ததில்ல.

ஒருவேளை டிசம்பர், ஜனவரின்னு மாத்தினா சொல்லுங்க, அது வேற கதை. குளிர் காத்து மூடி போட்ட பாத்திரம் மாதிரி பள்ளத்துல தேங்கிடும், புகை வெளிய போகாது, வாரக்கணக்குல சூரியன் மங்கலா இருக்கும், ஆஸ்துமா இருந்தா அந்த சீசன் வேண்டாம். அப்பவும் மேல ஏறினா பளிச்னு வெயில், கீழ பாத்தா ஊர் இருக்குற இடத்துல பால் ஊத்தின மாதிரி இருக்கும். பனி பெய்ற நாள்ல மட்டும் அந்த காட்டன்வுட் மலை ரோட்டுக்கு சொந்த கார்ல போகாதீங்க, வாடகைக்கு எடுத்த இடத்துல "இந்த டயரே போதும்"னு சொன்னத நம்பி நான் லிட்டில் காட்டன்வுட்ல சறுக்கி ஓரத்துல போய் நின்னு ரெண்டு மணி நேரம் டோ வண்டிக்கு காத்திருந்தேன். ஸ்கி பஸ் இருக்கு, அதுல போங்க.

ஜூலைல வர்றதால கடைசியா ஒண்ணு. 24ம் தேதி இங்க ஸ்டேட் லீவு, 1847ல மார்மன்கள் வந்து சேந்த நாள், டவுன்டவுன்ல பெரிய ஊர்வலம், நல்ல இடம் பிடிக்க முதல் நாள் ராத்திரியே பிளாட்ஃபாரத்துல பாய் போட்டு படுத்துருவாங்க, நம்ம ஊர் தேரோட்டம் மாதிரின்னு சொன்னா அப்பா அம்மாக்கு புரிஞ்சுடும். கார எடுக்காதீங்க, டிராக்ஸ் டிரெயின்ல போங்க, குடை, தொப்பி, ரெண்டு பாட்டில் தண்ணி. ராத்திரி வெடி பாக்க எங்கயும் போக வேண்டாம், கொஞ்சம் மேட்டுல இருக்குற ஏதாவது ஒரு தெருல நாற்காலி போட்டு உக்காந்தா பள்ளம் முழுக்க ஒவ்வொரு வீட்லயும் வெடிக்கிறது தெரியும்.