ஆம்புலன்ஸுக்குக் காத்திருப்பதா, கிடைத்த வண்டியில் கொண்டுபோவதா?

கேள்வி: எங்கள் வீட்டுக்கு அருகே சாலையில் இருசக்கர வாகனத்தில் வந்த ஒருவர்மீது லாரி மோதிவிட்டது. ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடமாகும் என்றார்கள். அவரை உடனே காரில் ஏற்றிவிடலாம் என்று சிலரும், அசைத்தால் கழுத்தெலும்புக்கு ஆபத்து என்று வேறு சிலரும் வாதிட்டார்கள். கடைசியில் காரில்தான் கொண்டுபோனோம். ஆம்புலன்ஸில் வருபவர்களைவிடத் தனியார் வண்டியில் வருபவர்களே அதிகம் பிழைக்கிறார்கள் என்று ஆய்வு ஒன்று சொல்வதாகப் பின்னர் படித்தேன். அது உண்மையா? இனி இப்படி நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் ஆம்புலன்ஸை அழையுங்கள். அது கிளம்பிவிட்டது, சில நிமிடங்களில் வந்துவிடும் என்றால் காத்திருங்கள்; காத்திருக்கும் நேரத்தில் அடிபட்டவரின் மூச்சையும் ரத்தக்கசிவையும் கவனியுங்கள். ஆம்புலன்ஸே கிடைக்காது, அல்லது அது வந்து சேர்வதற்குள் நீங்களே தகுந்த மருத்துவமனையை அடைந்துவிடலாம் என்ற நிலையில், அடிபட்டவரைப் படுக்கவைத்துக் கொண்டுபோக ஏற்ற வண்டி இருந்தால் கொண்டுபோவது தவறில்லை. அன்று நீங்கள் எடுத்த முடிவு சரியா என்பதை அவருடைய காயம், மருத்துவமனை இருந்த தூரம், வண்டிக்குள் அவரை வைத்திருந்த விதம் ஆகிய மூன்றையும் அறியாமல் யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. காரில் ஏற்றினீர்கள் என்பதற்காக மட்டும் உங்களைக் குறை சொல்வது நியாயமே அல்ல.

நீங்கள் படித்த ஆய்வைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் முடிவு உண்மையானது. அதிலிருந்து பலர் எடுத்துக்கொள்ளும் பாடம்தான் ஆபத்தானது. லாஸ் ஏஞ்சலஸில் ஆம்புலன்ஸில் வந்த 4,856 பேரையும் பிற வண்டிகளில் வந்த 926 பேரையும் ஒப்பிட்டு 1996-இல் வெளியான ஆய்வில், கடுமையாகக் காயம்பட்டவர்களுள் ஆம்புலன்ஸில் வந்தவர்களில் 28.8 சதவீதத்தினரும் மற்றவர்களில் 14.1 சதவீதத்தினரும் இறந்திருந்தார்கள். காயத்தின் கடுமையைக் கணக்கில் கொண்ட பிறகும் வித்தியாசம் முழுவதும் மறைந்துவிடவில்லை. 2018-இல் அமெரிக்க நகரங்களில், துப்பாக்கிக் குண்டாலும் கத்தியாலும் காயம்பட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை ஆராய்ந்தபோதும் தனியார் வண்டியில் வந்தவர்களுக்கே உயிர் பிழைக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது.

ஆனால் காரில் ஏற்றப்படுபவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். கைத்தாங்கலாக நடக்க முடிந்தவரையும் உட்கார முடிந்தவரையும்தான் மக்கள் காரில் ஏற்றுகிறார்கள். நினைவிழந்து கிடப்பவர், நசுங்கிய வண்டிக்குள் சிக்கிக்கொண்டவர், இடுப்பெலும்பு உடைந்தவர் ஆகியோருக்குப் பெரும்பாலும் ஆம்புலன்ஸ்தான் வரவேண்டும். ஆக, ஒப்பிடப்படும் இரண்டு கூட்டமும் தொடக்கத்திலேயே வேறு வேறானவை. காயத்தின் கடுமையை மதிப்பெண்ணாக மாற்றிச் சரிக்கட்டினாலும், விபத்து நடந்த இடத்தில் அந்த மனிதர் எப்படி இருந்தார் என்பது அந்த மதிப்பெண்ணுக்குள் முழுமையாக அடங்குவதில்லை.

இரண்டாவது காரணம் காயத்தின் தன்மை. வயிற்றிலோ மார்பிலோ குண்டு பாய்ந்தவருக்கு உள்ளே பெருகும் ரத்தத்தைச் சாலையோரத்தில் யாராலும் நிறுத்த முடியாது. அறுவைசிகிச்சை மேசை ஒன்றுதான் வழி. அப்படிப்பட்டவர்களைப் போலீஸ் வாகனத்திலேயே அள்ளிக்கொண்டு ஓடும் வழக்கம் ஃபிலடெல்ஃபியா நகரில் பல ஆண்டுகளாக இருக்கிறது. அதற்கு நியாயமும் இருக்கிறது. சாலை விபத்து வேறு வகை. மோதிய விசையில் தலை, நெஞ்சு, இடுப்பு, தொடை என்று ஒரே நேரத்தில் பல இடங்களில் அடிபடுகிறது. அவர்களில் பலருடைய உயிர் மூளைக்காயத்தைப் பொறுத்தே நிற்கிறது. குண்டுக்காயத்தில் கண்ட முடிவை அவர்கள்மீது அப்படியே ஏற்றிப் பார்க்கக் கூடாது.

மூளைக்காயத்தைப் பற்றி எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மோதிய கணத்தில் மூளைக்கு நேர்ந்த சேதத்தை யாராலும் திருப்ப முடியாது. அதன்பின் ஆக்சிஜன் குறைவதாலும் ரத்த அழுத்தம் சரிவதாலும் நேரும் இரண்டாவது சேதத்தைத் தடுக்க முடியும். கடுமையான தலைக்காயம் பட்டவருக்கு ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 90-க்குக் கீழே இறங்கியிருந்தால் மரண வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாவதை 1993-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. பிறகு அரிசோனா மாநிலத்தில் ஆம்புலன்ஸ் பணியாளர்களுக்கு மூன்றே விஷயங்களை அழுத்தமாகப் பயிற்றுவித்தார்கள்: ஆக்சிஜன் குறையவிடாதே, ரத்த அழுத்தம் சரியவிடாதே, செயற்கை மூச்சை அளவுக்கு மீறி வேகமாக ஊதாதே. 2019-இல் வெளியான முடிவின்படி, கடுமையான மூளைக்காயப் பிரிவில் இருந்தவர்கள் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கானது. புதிய மருந்தோ விலையுயர்ந்த கருவியோ இல்லாமல் கிடைத்த பலன் இது.

இதைக் காரின் பின்சீட்டோடு பொருத்திப் பாருங்கள். நினைவிழந்தவரை மடக்கி உட்காரவைத்தால் தலை முன்னால் சரிந்து தாடை நெஞ்சில் படுகிறது. தளர்ந்த நாக்கு தொண்டையை அடைக்கிறது. வாயில் ஊறும் ரத்தமும் வாந்தியும் மூச்சுக்குழலுக்குள் இறங்குகின்றன. வண்டி எவ்வளவு வேகமாகப் போனாலும் அந்தப் பத்து நிமிடமும் மூளை மூச்சுக்காகத் தவித்துக்கொண்டிருக்கிறது. அவசர சிகிச்சை மருத்துவர்களாகிய எங்களுக்கு மிகுந்த வேதனை தருவது இதுதான்: காயத்தால் இறந்திருக்க வேண்டாதவர், கொண்டுவரப்பட்ட விதத்தால் இறந்துபோவது.

அதற்காக ஆம்புலன்ஸில் எவ்வளவு அதிகமாகச் சிகிச்சை செய்கிறார்களோ அவ்வளவு நல்லது என்றும் எண்ணிவிடக் கூடாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2,867 பேரை வைத்து நடந்த, 2008-இல் வெளியான ஆய்வில், மூச்சுக்குழாய் செருகுதல், ரத்தநாளத்தில் திரவம் ஏற்றுதல் போன்ற உயர்நிலைச் சிகிச்சையை ஆம்புலன்ஸில் சேர்த்த பிறகும் உயிர்பிழைத்தவர்களின் விகிதம் கூடவில்லை. ஆழ்ந்த மயக்கத்தில் இருந்தவர்களிடையே அது 60 சதவீதத்திலிருந்து 50.9 சதவீதமாகக் குறைந்தது. அடிப்படைப் பணிகளைச் செம்மையாகச் செய்துவிட்டு, விபத்து நடந்த இடத்தில் அநாவசியமாக ஒரு நிமிடமும் நிற்காமல் கிளம்பும் ஆம்புலன்ஸே நல்ல ஆம்புலன்ஸ். ஆகவே பணியாளர்கள் வந்தவுடன் ஏற்றிக்கொண்டு புறப்பட்டால், ‘இங்கேயே ஏதாவது செய்யுங்கள்’ என்று அவர்களைத் தடுத்து நிறுத்தாதீர்கள்.

‘பொன்னான ஒரு மணி நேரம்’ என்ற சொல்லை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பால்டிமோர் நகரின் அறுவைசிகிச்சை நிபுணர் ஆர். ஆடம்ஸ் கௌலி பரப்பிய கருத்து அது. அறுபதாவது நிமிடத்தில் ஒரு கதவு மூடிக்கொள்கிறது என்பதற்குச் சான்று இல்லை. வட அமெரிக்காவில் 3,656 நோயாளிகளை ஆராய்ந்த 2010-ஆம் ஆண்டு ஆய்வில், ஆம்புலன்ஸ் எடுத்துக்கொண்ட நேரத்துக்கும் மரணத்துக்கும் நேரடித் தொடர்பு தென்படவில்லை. இதை வைத்து நேரம் பொருட்டல்ல என்று சொல்வதும் பிழையே. உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருப்பவருக்கு ஒவ்வொரு நிமிடமும் பொருட்டுதான். 40 நாடுகளில் 20,211 பேரிடம் சோதிக்கப்பட்ட டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற ரத்தக்கசிவுத் தடுப்பு மருந்து, காயம்பட்ட ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தபோது மிகுதியாகப் பயன்தந்தது. மூன்று மணி நேரத்துக்குப் பின் கொடுத்தபோது ரத்தக்கசிவால் நேர்ந்த மரணங்கள் கூடின. விபத்து நடந்த நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொண்டு மருத்துவமனையில் சொல்லுங்கள் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

எந்த மருத்துவமனை என்பது, எந்த வண்டி என்பதற்கு இணையான கேள்வி. என் கருத்தில் அதைவிடப் பெரியது. அமெரிக்காவின் 14 மாநிலங்களில் நடந்த, 2006-இல் வெளியான ஆய்வின்படி, விபத்துக்காயச் சிகிச்சைக்கென்றே அமைந்த மையங்களுக்குச் சென்றவர்கள் ஓராண்டுக்குள் இறக்கும் வாய்ப்பு, மற்ற மருத்துவமனைகளுக்குச் சென்றவர்களைவிட 25 சதவீதம் குறைவாக இருந்தது. கண்ணில் பட்ட முதல் மருத்துவமனையில் இறக்கிவிட்டு, அங்கே ஸ்கேன் கருவி இல்லை, ரத்தம் இல்லை, அறுவைசிகிச்சை மருத்துவர் இல்லை என்று தெரிந்து மறுபடியும் வண்டி தேடும்போது மணிக்கணக்கில் நேரம் வீணாகிறது. ஆம்புலன்ஸில் போவதன் பெரிய நன்மைகளில் ஒன்று, எங்கே போகவேண்டும் என்று தெரிந்தவர்கள் அதில் இருப்பதும், நோயாளி வருகிறார் என்று மருத்துவமனைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவதும் ஆகும். மூச்சு நின்றுபோகும் நிலையிலோ, அடக்க முடியாத ரத்தப்போக்கிலோ இருப்பவரை மட்டும் அருகிலுள்ள மருத்துவமனைக்கே கொண்டுபோக வேண்டும்.

இனி, காத்திருக்கும் அந்த இருபது நிமிடத்துக்கு வருவோம். பின்னால் வரும் வண்டிகள் மோதாதபடி யாரேனும் ஒருவர் சாலையில் எச்சரிக்கை செய்ய வேண்டும். அவசர எண்ணில் பேசும்போது இடம், அடிபட்டவர்களின் எண்ணிக்கை, நினைவு உண்டா, மூச்சு சீராக வருகிறதா, யாராவது வண்டிக்குள் சிக்கியிருக்கிறார்களா என்பதைச் சொல்லுங்கள். அவர்களாகத் துண்டிக்கும்வரை இணைப்பைத் துண்டிக்காதீர்கள். ரத்தம் பெருகும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து உள்ளங்கையால் முழு பலத்தோடு அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்காதீர்கள். கையிலோ காலிலோ அழுத்தியும் நிற்காமல் ரத்தம் பீறிட்டால், காயத்துக்கு மேற்பக்கம் அகலமான துணியை வைத்து இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மெல்லிய கயிறு தசையையும் நரம்பையும் அறுத்துவிடும். தண்ணீர் கொடுக்காதீர்கள், நினைவு மங்கியவருக்கு அது நுரையீரலுக்குள் போகும். உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறையும் தன்மை கெடுவதால் ஒரு போர்வையோ சட்டையோ போர்த்துங்கள்.

கழுத்தைப் பற்றிய அச்சம் நியாயமானதே, ஆனால் அது மூச்சைவிடப் பெரியதல்ல. மோதலில் காயம்பட்டு வந்த 34,069 பேரைப் பரிசோதித்த ஒரு பெரிய ஆய்வில் 818 பேருக்கு, அதாவது 2.4 சதவீதத்தினருக்குக் கழுத்தெலும்புக் காயம் இருந்தது. தீயோ வேறு ஆபத்தோ இல்லாதவரை அடிபட்டவரை இழுக்காதீர்கள், தூக்கி நிறுத்தாதீர்கள். ஆனால் நினைவிழந்தவர் குறட்டைபோல் மூச்சுவிட்டாலோ வாந்தி எடுத்தாலோ, தலையையும் கழுத்தையும் ஒருவர் நேராகப் பிடித்திருக்க, மற்றவர்கள் உடம்பை ஒரே நேரத்தில் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். மூச்சு சீராக இருந்தால் ஹெல்மெட்டைக் கழற்றாமல் முகக்கண்ணாடியை மட்டும் உயர்த்தினால் போதும். மூச்சுக்குத் தடை இருந்தால் இருவராகச் சேர்ந்து, ஒருவர் கீழிருந்து கழுத்தையும் தாடையையும் தாங்க, மற்றவர் மெதுவாகக் கழற்றலாம்.

வேறு வழியின்றி நீங்களே கொண்டுபோகும்போது, சீட்டை மடக்கிப் படுக்கவைக்கக்கூடிய பெரிய வண்டியே நல்லது. இருசக்கர வாகனத்தில் இருவருக்கு நடுவே உட்காரவைத்துக் கொண்டுபோவதை அறவே தவிர்க்க வேண்டும். நான்கைந்து பேர் சேர்ந்து உடம்பு வளையாமல் தூக்குங்கள். ஓட்டுபவரைத் தவிர ஒருவர் தலைமாட்டில் இருந்து மூச்சையே கவனிக்க வேண்டும். மற்றொருவர் ரத்தம் கசியும் இடத்திலிருந்து கையை எடுக்கவே கூடாது. மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போங்கள். தாறுமாறாக ஓட்டி இரண்டு மூன்று நிமிடம் மிச்சப்படுத்துவதால் கிடைக்கும் பலனைவிட இன்னொரு விபத்துக்கான ஆபத்து பெரியது.

முறையான ஆம்புலன்ஸ் சேவை இல்லாத இடங்களில் இந்தப் பயிற்சி எவ்வளவு தேவை என்பதற்கு கானா நாட்டில் நடந்த முயற்சி சான்று. அங்கே அப்போது காயம்பட்டவர்கள் பெரும்பாலும் வாடகை வண்டிகளில்தான் மருத்துவமனைக்கு வந்தார்கள். அதை மாற்ற முயலாமல், 335 வாகன ஓட்டுநர்களுக்கு அடிப்படை முதலுதவி கற்றுக்கொடுத்தார்கள். பின்னர் பேட்டி காணப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கற்றதைப் பயன்படுத்தியிருந்தார்கள். மெக்சிகோவின் மான்டெரேயில் ஆம்புலன்ஸ் நிற்கும் இடங்களின் எண்ணிக்கையைக் கூட்டிப் பணியாளர்களுக்குப் பயிற்சியும் அளித்தபோது, வழியிலேயே இறப்பவர்களின் விகிதம் 8.2 சதவீதத்திலிருந்து 4.7 சதவீதமாக இறங்கியது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். விபத்துக்குப் பின் எழுந்து நின்று, ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று வீட்டுக்குப் புறப்படுபவரையும் கவனிக்க வேண்டும். மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் இடையே ரத்தம் சேரும் காயத்தில், சிறிது நேரம் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென மயக்கத்தில் விழுவதுண்டு. மண்ணீரல் கிழிந்தவருக்கு வயிற்றுவலி மெதுவாகத்தான் தெரியவரும். ஒரு நொடியேனும் நினைவு தப்பியிருந்தால், வண்டியிலிருந்து தூக்கியெறியப்பட்டிருந்தால், அதே வண்டியில் வந்த வேறொருவர் இறந்திருந்தால், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராகவோ முதியவராகவோ கர்ப்பிணியாகவோ இருந்தால், நடந்து போகும் நிலையில் இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கூடிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, குழறும் பேச்சு, எழுப்ப முடியாத தூக்கம், வயிறு இறுகுதல், தலைசுற்றலோடு வெளிறிய வியர்த்த உடல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், அது இரவு எந்த நேரமாக இருந்தாலும், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.