தாத்தாவின் கோபம் குரங்கின் மேல் இல்லை

கேள்வி: அன்புள்ள அக்கா, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில் பட்டிமன்றமாகிவிட்டது. ஜேசியில் (தொடக்கக் கல்லூரியில்) உயிரியல் படிக்கும் மகன் பரிணாமம் என்கிறான். தேவாலயத்துக்குப் போகும் என் தம்பி, ஆதாமைக் கடவுள் மண்ணிலிருந்து படைத்தார், மற்றதெல்லாம் பொய் என்கிறான். மாமனாரோ இதையெல்லாம் மாணிக்கவாசகர் அன்றைக்கே பாடிவிட்டார் என்கிறார். இதற்கு நடுவில் மகள் ஒரு சீனப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறாள். "இனம் கலக்கக் கூடாதுன்னு அறிவியலே சொல்லுது" என்று மாமனார் ஒரு வாட்ஸ்அப் வீடியோவைக் காட்ட, "தாத்தாவுக்கு ஒண்ணும் தெரியாது" என்று மகன் கத்த, அவர் இப்போது எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதே இல்லை. யார் சொல்வது சரி? அப்புறம், நாளைக்குக் குழந்தை பிறந்தால் ஐசியில் (அடையாள அட்டையில்) என்ன இனம் போடுவார்கள்?
- ஒரு வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: உங்கள் மாமனாருக்குக் குரங்கும் ஆதாமும் ஒரு பொருட்டே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒரே சாப்பாட்டு மேசையில் இரண்டு சண்டை நடக்கிறது. ஒன்றை அதன் போக்கில் விட்டுவிடலாம். இன்னொன்றை விடக் கூடாது.

முதல் சண்டையில் தகவல் உங்கள் மகன் பக்கம். ஆனால் அவனும் சரியாகச் சொல்லவேண்டும்: சிம்பன்சி நம் தாத்தா இல்லை, பங்காளி. ஏறக்குறைய 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நமக்கும் அதற்கும் ஒரே மூதாதை. நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகளில் சில மொரோக்கோவில் ஜெபல் இர்ஹூத் என்ற இடத்தில் கிடைத்தவை, வயது ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டு. இதை ஏற்றுக்கொண்டே கடவுளையும் கும்பிடுகிறவர்கள் ஏராளம். பரிணாமம் வெறும் ஊகத்துக்கும் மேலானது என்று 1996இல் போப் இரண்டாம் ஜான் பாலே சொன்னார். தம்பியின் சபைக்குப் போப் கணக்கில்லை என்றால் போகட்டும், அவர் நம்பிக்கையை மாற்றுவது உங்கள் வேலையும் இல்லை.

மாமனார் சொல்லும் வரி "புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி" என்பதாகத்தான் இருக்கும். அருமையான வரி. கொஞ்சம் தள்ளிப் படித்தால் பாம்புக்குப் பிறகு கல், கல்லுக்குப் பிறகு மனிதர், மனிதருக்குப் பிறகு பேய் வரும். ஓர் உயிர் பிறந்து பிறந்து இளைத்த கதை அது, உயிரியல் பாடம் இல்லை, அப்படி இருக்கவேண்டிய அவசியமும் மாணிக்கவாசகருக்குக் கிடையாது.

மகனிடம் இதையும் சொல்லுங்கள். 1854இல் வாலஸ் என்ற ஆங்கிலேயர் சிங்கப்பூர் வந்து, புக்கிட் தீமாவில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் வீட்டில் தங்கி, மரம் வெட்டுகிறவர்கள் சாய்த்துப் போட்ட மரங்களுக்கு நடுவே வண்டு பிடித்துக்கொண்டிருந்தார். சுமார் இரண்டே மாதத்தில் 700 வகை! நாலு வருடம் கழித்து, இயற்கைத் தேர்வு (சூழலுக்குப் பொருந்தும் உயிர்களே தப்பிப் பெருகும் என்ற கருத்து) பற்றி அவர் எழுதியதும் டார்வின் எழுதியதும் லண்டனில் ஒரே கூட்டத்தில் வாசிக்கப்பட்டன. அதே வாலஸ் பிற்காலத்தில், மனித மனத்தை மட்டும் இயற்கைத் தேர்வால் விளக்க முடியாது என்று ஆவியுலகம் பக்கம் போய்விட்டார், டார்வினுக்கு அதில் பெரிய வருத்தம். கோட்பாட்டைக் கண்டுபிடித்த இரண்டு பேருக்குள்ளேயே தீராத வழக்கு உங்கள் வீட்டுச் சாம்பார் ஆறுவதற்குள் தீரப்போவதில்லை.

இனி அந்த வீடியோ. இங்கே நான் நடுவில் நிற்கமாட்டேன், அது பொய். ஒரு காலத்தில் அறிவியல் என்ற பெயரில் இந்தப் பேச்சு நடந்தது உண்மைதான். பிரிட்டிஷ் காலத்தில் சென்னை அருங்காட்சியகத்தை நடத்திய தர்ஸ்டன், கவராயம் மாதிரி ஒரு கருவியை வைத்து நம் ஆட்களின் மூக்கை அளந்தார். வடக்கே ரிஸ்லி என்ற அதிகாரி, மூக்கு அகலமாக ஆக சமூக மதிப்பு குறையும் என்றே எழுதிவைத்தார். உங்கள் மாமனார் மூக்கை அவரிடம் காட்டியிருந்தால் எந்தப் பட்டியலில் போட்டிருப்பாரோ!

அதெல்லாம் மரபணு வந்ததும் நொறுங்கிப்போனது. மனிதர்களுக்குள் இருக்கும் மரபணு வேறுபாட்டில் சுமார் 85 விழுக்காடு ஒரே மக்கள்கூட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது என்று 1972இலேயே லெவான்டின் என்ற மரபியலாளர் கணக்குப் போட்டார். நம் கறுப்பும் பாப்புவா நியூ கினிக்காரர் கறுப்பும் வெயில் தந்தது, நெருங்கிய உறவு தந்ததல்ல. மாமனார் நினைக்கும் அந்தத் தூய இனமும் எங்கும் இல்லை. இந்தியாவில் சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை ஏறக்குறைய எல்லாக் கூட்டத்தாரும் கலந்திருக்கிறார்கள் என்று 2013இல் வந்த ஆய்வு சொல்கிறது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ள நம் எல்லாருக்கும், நியாண்டர்தால் என்ற அழிந்துபோன வேறொரு மனித வகையின் மரபணுவே ஒன்றிரண்டு விழுக்காடு இருக்கும்போது, பேத்தி கட்டிக்கொள்ளப்போவது பக்கத்து புளோக் பையனைத்தானே?

"டாக்டரே இந்தியருக்குச் சர்க்கரை அதிகம்னு சொல்றாரே" என்று அவர் மடக்கலாம். சொல்கிறார்தான். முன்னோர் வழி, சாப்பாடு, உடம்பில் கொழுப்பு சேரும் விதம் எல்லாம் கலந்து வரும் நோய்ப் போக்கு அது. எச்சரிக்கையாக இருக்க உதவும், மாப்பிள்ளை பார்க்க உதவாது.

வேதத்தைப் பிடித்துக்கொண்டும் தப்பிக்க முடியாது. கடவுள் ஒரே இரத்தத்திலிருந்து எல்லா மக்களையும் உண்டாக்கினார் என்று உங்கள் தம்பியின் பைபிளிலேயே, அப்போஸ்தலர் 17இல், இருக்கிறது. படைப்பைப் பற்றி மகனோடு மோதுகிற அதே தம்பி இந்த விஷயத்தில் அவன் பக்கம் உட்காரவேண்டியவர். அவரையே மாமனாரிடம் பேசச் சொல்லுங்கள், மகனைவிட வயதில் பெரியவர் சொன்னால் தாத்தா கேட்பார்.

மகன் கத்தியதற்குத் தாத்தாவிடம் மன்னிப்புக் கேட்கட்டும், வாதத்துக்காக அல்ல, தொனிக்காக. மாமனாரிடம் நீங்கள் தனியாக உட்கார்ந்து, "மாமா, உங்களுக்கு என்ன பயம்?" என்று கேளுங்கள். பேரப்பிள்ளை தமிழ் பேசாதோ, கோயிலுக்கு வராதோ என்பதாக இருக்கலாம். அது நியாயமான பயம், அதைப் பையனிடமே பேசலாம். அதற்கு அறிவியலை இழுக்கவேண்டாம்.

ஐசி 15 வயதில்தான், குழந்தையின் இனத்தைப் பிறப்பைப் பதியும்போதே சொல்லவேண்டும். அப்பாவின் இனம், அம்மாவின் இனம் அல்லது 2011இலிருந்து இரண்டையும் சேர்த்து, சீனர்-இந்தியர், இந்தியர்-சீனர் என்றும் போடலாம். வீவக (அரசாங்க வீடமைப்புக் கழகம்) வீடுகளில் எந்த இனத்தாருக்கு எவ்வளவு என்ற ஒதுக்கீட்டுக்கு முதலில் வருவதுதான் கணக்கு. எது முதலில் வரவேண்டும் என்று மாமனாரிடம் இப்போதே கேட்டுவைக்காதீர்கள்.