வள்ளி, முருகன் கதையைப் பாடிக் கைதட்டி வட்டமாக ஆடும் வள்ளி கும்மியைப் படப் புத்தகமாக வரைந்தால் ஆட்டம் தெரியாமல் சிலை மாதிரி நிற்கிறதே, ஏன்?

பெரும்பாலும் கைதட்டும் நொடியை வரைந்துவிடுவதுதான் காரணம். கை சேர்ந்துவிட்டால் அசைவு முடிந்துவிட்டது; கண்ணுக்கு அங்கே எதிர்பார்க்க ஒன்றுமில்லை. தட்டுவதற்குச் சற்று முன், உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கும்போது வரையுங்கள். ஒரு குதிகால் தரையை விட்டு எழும்பி, இடுப்பு வட்டத்தின் உள்பக்கம் சாய்ந்து, முந்தானை நுனி உடம்புக்குப் பின்தங்கிப் பறக்கட்டும். தட்டும் ஓசையை அடுத்த பக்கத்துக்கு வையுங்கள். பிள்ளை தாளைத் திருப்புவதே தாளமாகிவிடும்.

அடவை, அதாவது ஆட்டத்தின் கால்வைப்பைச் சொல்லித்தரும் பக்கத்தில் மட்டும் ஆடுபவரை முதுகுப்பக்கமிருந்து காட்டுங்கள். முகம் பார்க்க வரைந்தால் அவர் வலது கால் பிள்ளைக்கு இடது பக்கம் தெரியும், கால் மாறிப்போகும். வட்டம் சுற்றும் திசையும் கடைசிப் பக்கம் வரை மாறக்கூடாது. அவசரத்தில் இதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள்.

ஏ4 தாள் நான்கை நடுவில் மடித்தால் 16 பக்கம். பக்கத்துக்கு ஒரு வரி போதும், அதை வாய்விட்டுப் பாடிப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

பெண்களை மட்டும் வரையாதீர்கள். இந்தக் கலைக்காக 2024-இல் பத்மஸ்ரீ பெற்ற கோவை பத்ரப்பன் ஓர் ஆண்தான். கொங்கு ஊர்த் திருவிழாவில் பேத்தியும் தாத்தாவும் ஒரே வட்டத்தில் ஆடுவதுதான் அழகு, அது புத்தகத்தில் வந்தே ஆகணும்.