பேக்கப் எடுத்தாச்சு, திரும்ப வருமா?

கொழிஞ்சாம்பாறை: தேங்காய் மண்டிக் கணக்குக்கு பேக்குலா என்ற பேக்கப் மென்பொருள் போட்டிருக்கிறோம். கான்ஃபிக் (அமைப்புக் கோப்பு) சோதனையில் ஒரு பிழையும் வரவில்லை. திங்கட்கிழமை முதல் ஓட்டலாமா?

வேண்டாம், இன்னொரு வாரம் பொறுங்கள். அந்தச் சோதனை எழுத்துப்பிழையையும் விட்டுப்போன அடைப்புக்குறியையும் பிடிக்கும். எவற்றை பேக்கப் எடுக்க வேண்டும் என்று சொல்லும் ஃபைல்செட்டில் தப்பான ஃபோல்டரை எழுதியிருந்தால் அதற்குத் தெரியாது. பேக்குலாவின் கட்டளைத் திரையான பிகன்சோலில் எஸ்டிமேட் கட்டளையை லிஸ்டிங்கோடு கொடுத்தால், எதையும் எழுதாமலே எந்தெந்தக் கோப்பு போகும் என்று பட்டியல் தரும். அதைக் கணக்குப்பிள்ளையிடம் காட்டுங்கள். "போன வருஷக் கணக்கு எங்கே?" என்று கேட்கக்கூடியவர் அவர்தான்.

பிறகு வேறொரு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து, அவரையே திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ரீஸ்டோர் ஜாபில் 'வேர்' என்ற இடத்தில் தனி ஃபோல்டர் பெயர் இருக்கட்டும். அது காலியாக இருந்தால் கோப்புகள் பழைய இடத்துக்கே திரும்பும்; கம்ப்யூட்டரையும் மாற்ற மறந்திருந்தால் சோதனையே நடப்புக் கணக்கை மேலெழுதிவிடக்கூடும்.

நகரி: விசைத்தறி டிசைன்களுக்குத் தமிழிலும் தெலுங்கிலும் பெயர் வைத்திருக்கிறோம். விண்டோஸிலிருந்து லினக்ஸ் பெட்டிக்கு பேக்கப் போகும்போது சில கோப்புகள் மட்டும் 'பெயர் மிக நீளம்' என்று நின்றுவிடுகின்றன.

எல்லைப்புற ஊர்க்காரர்கள் கட்டாயம் சோதிக்க வேண்டிய விஷயம் இது. ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துப் பார்த்தால் கண்ணில் படவே படாது. கோப்பின் பெயருக்கு விண்டோஸ் 255 குறியீடு (எழுத்தை கம்ப்யூட்டர் பிரித்து வைக்கும் துண்டு) வரை இடம் தருகிறது. லினக்ஸ் டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் எக்ஸ்ட்4 முறை தருவது 255 பைட். எழுத்துகளை பைட்டாக மாற்றும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ், தெலுங்கு, மலையாளம் எதுவானாலும் ஒரு குறியீட்டுக்கு 3 பைட். ஆகவே 85 குறியீட்டோடு இடம் தீர்ந்துவிடும். அதுவும் 85 எழுத்து இல்லை: 'கா' என்பது க, கால் என்று இரண்டு குறியீடு, 6 பைட், 'ஸ்ரீ' நான்கு குறியீடு, 12 பைட். ஃபோல்டரை லினக்ஸின் ஈகிரிப்ட்எஃப்எஸ் முறையில் என்கிரிப்ட் செய்தால் (பூட்டி மறைத்தால்) வரம்பு 143 பைட்டாகச் சுருங்கும், அதாவது 47 குறியீடு.

சோதனைக்கென்று ஒரு ஃபோல்டர் வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் உள்ளதிலேயே நீளமான தமிழ்ப் பெயர், தெலுங்குப் பெயர், இடைவெளி உள்ள பெயர், காலிக் கோப்பு, 4 ஜிபியைத் தாண்டிய கோப்பு எல்லாம் அதில் இருக்கட்டும். ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க்கில் கடைசிக் கோப்பு ஏறாது. கான்ஃபிக்கைத் தொடும்போதெல்லாம் அந்த ஃபோல்டரை அனுப்பித் திரும்ப எடுங்கள்.

குமுளி: ஏலக்காய்க் கணக்கு மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் ஓடுகிறது. டேட்டா ஃபோல்டரை ராத்திரி அப்படியே காப்பி எடுத்தால் போதுமா?

போதாது. ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸை அப்படிக் காப்பி எடுத்தால் பாதி பழசு, பாதி புதுசு. டேட்டாபேஸைத் தனிக் கோப்பாக (டம்ப்) எழுதித் தரும் மைஎஸ்க்யூஎல்டம்ப்பை சிங்கிள்-டிரான்சாக்‌ஷனோடு ஓட்டுங்கள். தொடங்கிய கணத்து நிலையையே எடுக்கச் சொல்லும் விருப்பம் அது; இன்னோடிபி வகை அட்டவணைகளுக்குத்தான் காப்பு. பிறகு டம்ப்பை ஒரு காலி சர்வரில் ஏற்றி, ஒரு மாத விற்பனைத் தொகையை இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள்.

மூணாறு: தோல்வி என்றால் மட்டும் மெயில் வரும்படி வைத்திருக்கிறேன். இதுவரை மெயில் இல்லை. எல்லாம் சரிதானே?

மெயில் வராததை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுவோர் நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் டேட்டாபேஸ் தவறுதலாக அழிந்தது. பேக்கப்பைத் தேடினால் ஒன்றும் இல்லை. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, அதை பேக்கப் எடுக்க ஓடிய பிஜி_டம்ப் நிரலோ பழைய 9.2, பதிப்பு பொருந்தாததால் பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. எச்சரிக்கை மெயில்களோ டிஜிட்டல் கையொப்பம் இல்லாததால் திருப்பியனுப்பப்பட்டிருந்தன. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஸ்னாப்ஷாட்தான் (டிஸ்க்கின் அந்த நேரத்து நகல்) கைகொடுத்தது.

எனவே நீங்களே தோற்கடித்துப் பாருங்கள். பேக்கப் பாதியில் இருக்கும்போது நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள். சோதனை டிஸ்க்கை நிரப்புங்கள். ஒவ்வொரு தடவையும் மெயில் வந்ததா என்று பாருங்கள். வெற்றி மெயிலும் தினமும் வரட்டும்; அது வராத நாளில் தேடிப் போகலாம்.

பாறசாலை: 500 ஜிபி கிளவுடில் இருக்கிறது. திரும்ப எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

20 எம்பிபிஎஸ் வேகம் இடைவிடாமல் கிடைத்தாலே சுமார் 55 மணி நேரம். 5 ஜிபியை இறக்கி உங்கள் லைனின் நிஜ வேகத்தைக் கணக்கிடுங்கள். இரண்டு நாள் கடையை மூட முடியாது என்றால், கிளவுடோடு உள்ளூரிலும் ஒரு டிஸ்க் வேண்டும்.