பூனைக்குக் கடுமையான நோய், மருத்துவர் சொன்ன தொகை கையில் இல்லை. எங்கே, எப்படி உதவி கேட்பது?

தொகையைப் பார்த்து மலைப்பதற்கு முன் நோயின் அவசரத்தைப் பாருங்கள். சில நோய்கள் பணம் திரட்ட ஒரு வாரம் தரும். சில ஓர் இரவுகூடத் தராது. கடுவன் பூனை மணல் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் சொட்டவில்லை என்றால் சிறுநீர்க்குழாய் அடைத்திருக்கலாம். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பைக் குலைத்துவிடும். இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். மலச்சிக்கல் என்று நினைத்து நாளைக் கடத்துபவர்கள் அதிகம். வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, பின்னங்கால்கள் திடீரென செயலிழந்து சில்லிட்டுப் போவது, லில்லிச் செடியைக் கடித்தது ஆகியவையும் அதே வகைதான். இவற்றுக்கெல்லாம் முதலில் மருத்துவமனை, வழியிலேயே பணப் பேச்சு. கையில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் போனிலேயே சொல்லிவிடுங்கள். அது தெரியாதவரை மருத்துவர் முழுச் சிகிச்சையைத்தான் முன்வைப்பார். அவர் மேல் தப்பில்லை.

அடுத்து, எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். மொத்தத் தொகை மட்டும் போதாது. பரிசோதனை, மருந்து, அட்மிஷன், கதீட்டர் போடுவது, அறுவை போன்ற செயல்முறைகள் எனப் பிரித்து, குறைந்தபட்சம் அதிகபட்சம் இரண்டும் வேண்டும். பிறகு இரண்டு கேள்விகள். இன்றே செய்தாக வேண்டியது எது? எந்தப் பரிசோதனையின் முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சை மாறாது? இரண்டாவது கேள்விதான் பில்லைக் குறைக்கும். சிறுநீர் அடைப்பில் ரத்தத்தில் பொட்டாசியம் அளவைப் பார்ப்பது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பரிசோதனை, சிறுநீரை வெளியேற்றும் கதீட்டர் குழாய், டிரிப்ஸ் நான்கும் தள்ளிப்போட முடியாதவை; வயிற்று ஸ்கேன் பல நேரம் ஓரிரு நாள் பொறுக்கும். ஆனால் செலவுக்குப் பயந்து கதீட்டரைச் சீக்கிரம் எடுக்கச் சொல்லாதீர்கள். மறுபடி அடைத்துக்கொண்டால் அதே பில் இன்னொரு முறை வரும். நாள்பட்ட சிறுநீரக நோயில் நிலைமை வேறு. பூனை ஒரு நிதானத்துக்கு வந்தபின் தோலுக்கடியில் திரவம் ஏற்றுவதை வீட்டிலேயே செய்யக் கற்றுத் தருவார்கள். 4 கிலோ பூனைக்கு ஒரு வேளைக்கு 100 மில்லி வாக்கில் இருக்கும். அளவையும் இடைவெளியையும் மருத்துவரே சொல்ல வேண்டும். இதயக் கோளாறு இருந்தால் அதே திரவம் நுரையீரலில் தேங்கும்.

பூனைகளின் கொரோனா வைரஸால் வரும் எஃப்ஐபி என்ற கொடிய நோய் என்றால் கணக்கை முதலிலேயே முழுதாகப் போடுங்கள். அதற்கான வைரஸ் எதிர்ப்பு மருந்தான ஜிஎஸ்-441524க்கு வழக்கமான காலம் 84 நாள். சில வகைக்கு 42 நாள் போதும் என்று அண்மை ஆய்வு சொல்கிறது, அதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். டோஸ் எடைக் கணக்கு. பூனை தேறத் தேற எடை கூடும், மருந்தும் கூடும். இன்றைய எடையை வைத்துப் பணம் திரட்டினால் இரண்டாவது மாதத்தில் துண்டு விழும், பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். 'எஃப்ஐபி வந்தால் பிழைக்காதே' என்று கேட்பவர்களும் இருப்பார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தில் நீல்ஸ் பெடர்சன் குழு 31 பூனைகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்ததில் பெரும்பாலானவை பிழைத்தன. ஆய்வு வெளியானது 2019இல். உங்கள் வேண்டுகோளில் இதை ஒரு வரியில் போட்டுவிடுங்கள்.

யாரிடம் கேட்பது? முதல் இடம் அதே மருத்துவமனைதான். தவணையையும் பகுதி அட்வான்ஸையும் பில் பார்ப்பவரிடம் கேளுங்கள், சிகிச்சை மேசையில் நிற்கும் மருத்துவரிடம் வேண்டாம். அடுத்தது கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பல இடங்களில் கட்டணம் குறைவு, காத்திருப்பு அதிகம். விலங்கு நல அமைப்புகளிடம் போனால் வருமானச் சான்று கேட்கலாம். பல அமைப்புகள் ஏற்கெனவே கட்டிய பில்லுக்குப் பணம் தராது என்பதால் சிகிச்சை தொடங்குமுன்னே விண்ணப்பியுங்கள். பூனையைத் தத்துக் கொடுத்த காப்பகத்தையும் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள். இப்போது அவசரமாக இன்ஷூரன்ஸ் எடுப்பது வீண். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது.

பொதுவில் நிதி திரட்டுவதானால் 'எவ்வளவு முடியுமோ' என்று எழுதாதீர்கள். பூனையின் வயது, எடை, நோயின் பெயர், பிழைக்கும் வாய்ப்பு பற்றி மருத்துவர் சொன்னது, எஸ்டிமேட், நீங்கள் போட்டது, மீதி வேண்டியது, எந்தத் தேதிக்குள் என்பது எல்லாம் முதல் பத்தியிலேயே வரட்டும். தளத்தின் கமிஷனையும், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய மறுபரிசோதனை, சிறப்பு உணவுச் செலவையும் சேர்த்தே கேளுங்கள். இரண்டாம் முறை கேட்டால் பலர் தரமாட்டார்கள். தளத்திலிருந்து பணம் கைக்கு வரச் சில நாள் ஆகும். முடிந்தால் மருத்துவமனைக் கணக்கிலேயே நேரடியாகக் கட்டச் சொல்லுங்கள், சந்தேகப்படுபவர்கள் வாயடைத்துப் போவார்கள். பில்லின் படத்தில் உங்கள் முகவரி, போன் எண்ணை மறைத்துவிடுங்கள். பொதுவில் போடுமுன் தெரிந்தவர்களுக்குத் தனியாக அனுப்புங்கள், பூஜ்யத்தில் நிற்கும் பக்கத்துக்கு யாரும் முதல் ஆளாகக் கொடுப்பதில்லை. பூனை இறந்துவிட்டால் மிச்சப் பணம் எங்கே போகும் என்பதையும் எழுதுங்கள், சங்கடமாக இருந்தாலும். உதவுகிறேன் என்று வந்து முன்கட்டணமோ ஓடிபியோ கேட்பவர் மோசடிக்காரர், பதில் போடாமல் பிளாக் செய்யுங்கள்.

பணம் சேரும்வரை வீட்டு வைத்தியம் பார்க்கும் ஆசை வரும். பாராசிட்டமால் அரை மாத்திரைகூடப் பூனையைக் கொல்லும். அதன் கல்லீரலால் அதைப் பிரித்து வெளியேற்ற முடியாது. பெர்மெத்ரின் கலந்த நாய் உண்ணி மருந்தும் ஆகவே ஆகாது. சாப்பிடாமல் இரண்டு மூன்று நாள் விட்டால், குறிப்பாகக் குண்டுப் பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்து அது தனி நோயாகிவிடும். உண்மையில் மிச்சம் பிடிக்க வழி மருந்துச் சீட்டில்தான். ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் போல சில மருந்துகள் மனிதர்களுக்கான கடையிலும் அதே மூலக்கூறாகக் கிடைக்கும். எதை அப்படி வாங்கலாம், மாத்திரையை எத்தனை துண்டாக்க வேண்டும் என்பதைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.